தரைப்பரப்பைத் தெளிவாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதல் வீடு வாங்கும் எண்ணத்தில் நானும் என் மனைவியும் எட்டு மாதங்களாக ஞாயிறுதோறும் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் அலைந்து வருகிறோம். வாடகை, மளிகை, ஊருக்கு அனுப்பும் பணம் போக மிஞ்சுவதை மாதக் கடைசியில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். இந்தத் தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சென்ற வாரம், 1,000 சதுர அடி என்று சொல்லப்பட்ட ஓர் அடுக்குமாடி வீட்டை அவர் தையல் டேப்பால் அறை அறையாக அளந்தார். சுவர்களுக்கு உள்ளே 700 சதுர அடிகூடத் தேறவில்லை. மீதி, படிக்கட்டிலும் லிப்டிலும் நடைவழியிலும் எங்கள் பங்கு என்றார் விற்பனைப் பிரதிநிதி. வீட்டுக்குள் புழங்கும் பரப்பான கார்பெட் ஏரியா எது என்பதை 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வரையறுத்திருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனாலும் எங்களிடம் 20 சதவீதம் கேட்டார்கள்.

வங்கிக் கடன் போக மீதியையும் பத்திரப்பதிவுச் செலவையும் கைக்காசில் கட்ட வேண்டிய எங்களைப் போன்றோருக்கு ஒவ்வொரு சதுர அடியும் பல மாதச் சேமிப்பு. ஆகவே, தங்கள் நாளிதழில் வரும் வீட்டு விளம்பரங்களில் கார்பெட் ஏரியாவையும் கட்டடம் நிற்கும் மனையில் அந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத பங்கையும் கண்ணில் படும் எழுத்தில் அச்சிடுமாறு விளம்பரதாரர்களை வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்