கடைகள் தாமாக மறைவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர மையங்களைப் புதுப்பிப்பது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், 'மக்களின் ரசனை மாறியதால் பழைய சிறு கடைகள் தாமாகவே மறைந்துவிட்டன' என்று ஒரு வரி இருந்தது. கடைத்தெருத் திட்டமிடல் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வரி எவ்வளவு வலிக்கும் என்று தாங்கள் ஒரு கணம் யோசித்திருக்கலாம். புறநகர் மால்களாலும் இணைய விற்பனையாலும் மூடிய கடைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இடித்துக் கட்டிய பகுதியில் ஒரு கடை இல்லாமல் போனால், அது எந்தக் கட்டத்தில், எந்த முடிவால் வெளியே போனது என்பதைப் பெரும்பாலும் விரல் வைத்துக் காட்டிவிட முடியும்.

முதல் முடிவு கட்டட வரைபடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. வளாகத்தின் அடித்தளத்தில் கார் நிறுத்தம் வரும். ஒரு காருக்கு 2.5 மீட்டர், இரண்டு தூண்களுக்கு இடையில் 3 கார்கள், தூணின் பருமனையும் சேர்த்தால் ஏறத்தாழ 8 மீட்டர். அதே தூண்கள்தான் மேல்தளத்துக்கும் ஏறுகின்றன. ஆகவே கடையின் அகலமும் 8 மீட்டர் அல்லது 16 மீட்டர் என்று ஆகிவிடுகிறது. பழைய தெருவில் முகப்பு 3, 4 மீட்டர்தான். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் 2 மீட்டரே தாராளம். நடுவில் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்தால் என்ன என்று கேட்கலாம். பிரித்த ஒவ்வொரு கடைக்கும் தனி மின் மீட்டர், குளிர்காற்றுக் குழாய், தீயணைப்புத் தெளிப்பான், பின்பக்கச் சரக்கு வழி, தனிக் குத்தகைப் பத்திரம் எல்லாம் வேண்டும். கட்டுபவர் அந்தச் செலவுக்கு ஒப்புவதில்லை. நடப்பவருக்கு உயிரோட்டமான தெரு என்றால் 100 மீட்டருக்கு 15 முதல் 20 கடைவாசல்கள் இருக்க வேண்டும் என்று டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கெல் பல காலமாகச் சொல்லிவருகிறார். 8 மீட்டர்த் தூண் இடைவெளியில் 12 வாசல்தான் வரும். 16 மீட்டரில் ஆறு. மக்களின் ரசனைக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

அடுத்தது வாடகை. வளாகம் கட்ட வங்கி கடன் கொடுக்க வேண்டுமானால், ஒரு பெரிய துணிக்கடையோ பேரங்காடியோ முன்கூட்டியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தொழிலில் ஆங்கர் என்பார்கள். அந்த ஆங்கருக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. உள்வேலைப்பாட்டுச் செலவில் ஒரு பகுதியைக் கட்டுபவரே ஏற்பதும் உண்டு. அந்தக் குறையை இடையில் இருக்கும் சிறு கடைகளின் வாடகையில் ஈடுகட்டுவார்கள். அதன்மேல் லிஃப்ட், காவல், துப்புரவு, பொது விளக்கு, விளம்பரம் என்று பராமரிப்புக் கட்டணம். பழைய கட்டடத்துக்குக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. குறைந்த லாபத்தில் ஓடும் கடைக்கு அங்கே இடம் இருந்ததற்கு அதுவே காரணம். நாளைக்கு ஆங்கர் வெளியேறினால், வாடகையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை, பேரம் பேசும் பலத்தோடு வந்த சங்கிலிக் கடைகளின் பத்திரத்தில்தான் இருக்கும். சிறு வியாபாரி முழு வாடகையையும் கட்டிக்கொண்டு வெறும் நடைபாதையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது, தகரத் தடுப்பு. இரண்டு மூன்று ஆண்டுகள் தெரு அடைபட்டுக் கிடக்கும். அன்றாட விற்பனையில் மறுநாள் சரக்கு எடுப்பவரால் அத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியாது. தற்காலிக இடம் என்று வேறு பகுதியில் தருவார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்த இடம் எத்தனை தூரம் என்று யாரும் அளப்பதில்லை. இழப்பீடு மரச்சாமானுக்கும் இடமாற்றச் செலவுக்கும் கிடைக்கும். வாடிக்கைக்காரர்களை இழந்ததற்குக் கிடைப்பது அபூர்வம். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருந்தவர் பல நேரம் கணக்கெடுப்பிலேயே வருவதில்லை. 'திரும்பி வரும் உரிமை உண்டு' என்று அறிவிப்பார்கள். பத்திரத்தைப் புரட்டினால் 'அன்றைய சந்தை வாடகையில்' என்று இருக்கும். அந்த மூன்று சொற்களில் உரிமை முடிந்துபோகிறது. இதையெல்லாம் தாங்கள் அறியாதவர் அல்ல. அறிந்திருந்தும் அந்த வரியை அச்சேற விட்டதுதான் மனவருத்தம்.

வருத்தம் இந்த இதழோடு தொடங்கியதும் அல்ல. முன்பு ஒரு முறை, கார்களை உள்ளே விடாமல் தடுத்துவிட்டால் கடைத்தெரு தானே செழிக்கும் என்று எழுதினீர்கள். கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் தெரு 1962இல் சோதனையாகக் கார் இல்லாத நடைத்தெருவானது உண்மை. அதற்குப் பின் அந்த நகரம் மையத்தின் கார் நிறுத்தங்களை ஆண்டுக்கு ஆண்டு சிறுகச் சிறுகக் குறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959இலேயே தன் கடைத்தெருவை நடைத்தெருவாக்கியது. 1998இல் ஒரு பகுதியை மீண்டும் வாகனங்களுக்குத் திறந்தது. சிகாகோவின் ஸ்டேட் தெருவில் 1979இல் கார்களை விலக்கினார்கள், 1996இல் திரும்ப விட்டார்கள். ஒரு கையால் மையத்தில் தளக்கல் பதித்துக்கொண்டே மறு கையால் புறநகர் மால்களுக்கு நெடுஞ்சாலை போட்டால் வேறென்ன நடக்கும்?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உள்ள புல் ரிங் கடை வளாகமும் உங்கள் பக்கங்களில் வெற்றிக் கதையாக வந்திருக்கிறது. 1964இல் திறந்த முதல் வளாகத்தை, வட்டச் சாலையைச் சுரங்கப் பாதையில் கடந்து போக வேண்டிய இடத்தில் கட்டி, 2000இல் இடிக்கத் தொடங்கி, 2003இல் இரண்டாவதைத் திறந்தார்கள் என்பது அந்தக் கதையில் இல்லை. பாரிஸின் லே ஆல் மொத்தச் சந்தை 1969இல் புறநகரான ரங்கிஸுக்குப் போனது, இரும்புக் கூடங்கள் 1971இல் இடிபட்டன, நிலத்தடி வளாகம் 1979இல் வந்தது, அதன் மேற்பகுதியையும் பிரித்து 2016இல் புதுக் கூரை போட்டார்கள். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் இத்தனை முறை. லண்டன் கோவென்ட் கார்டனில் குடியிருப்போர் போராடிக் கட்டடங்களைக் காத்தார்கள். பெரிய சாதனை அது. ஆனால் காய்கறிச் சந்தை 1974இல் நகரின் வேறு பகுதியான நைன் எல்ம்ஸுக்குப் போய்விட்டது, பழைய சந்தைக் கட்டடத்தை 1980இல் மீண்டும் திறந்தபோது உள்ளே இருந்தது வேறு வியாபாரம். கட்டடத்தைக் காப்பதும் வியாபாரத்தைக் காப்பதும் தனித்தனி வேலைகள் என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் ஒருபோதும் பிரித்து எழுதியதில்லை.

வந்துபோவோர் எண்ணிக்கை உயர்ந்தால் வியாபாரம் உயர்ந்ததாக எழுதுவது இன்னொரு பழக்கம். ரயில் நிலையத்துக்குக் குறுக்கு வழியாக வளாகத்தைக் கடப்பவரும் அந்த எண்ணும் கருவியில் ஒருவர்தான். கடைக்காரரின் கல்லாவுக்கு அந்த எண்ணிக்கை எதையும் சொல்லாது.

நான் கேட்பது அதிகமில்லை. அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இனிமேல் புதுப்பிப்புத் திட்டம் எதற்கேனும் கணினியில் வரைந்த வண்ணப் படம் வெளியிட்டால், பக்கத்திலேயே தரைத்தள வரைபடத்தையும் சிறிதாக அச்சிடுங்கள், கடை அகலமும் வாசல்களும் தெரியும்படி. திறப்பு விழாச் செய்தியாக இருந்தால், தடுப்பு போடும் முன் இருந்த கடைகளில் எத்தனை திரும்பி வந்தன என்ற எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
கடைத்தெருத் திட்டமிடல் பணியில் உள்ள நெடுநாள் வாசகர்