என் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம். எனக்கு எச்ஐவி இருக்கிறது. இன்று தெம்பாக நடமாடுகிறேன் என்றால், யாரும் கண்டுகொள்ளாமல் விடுகிற சின்னச் சின்ன அறிகுறிகளை நீங்கள் சிலர் நின்று கவனித்ததுதான் காரணம்.

பல் டாக்டர் அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. சொத்தைப் பல்லைக் காட்டத்தான் வந்தேன். நீங்களோ நாக்கின் நுனியைப் பஞ்சுத்துணியால் பிடித்து, ஓரத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். அங்கே வெள்ளையாக, வரிவரியாகத் தடித்திருந்தது, சுரண்டியும் போகவில்லை. மேலண்ணத்தில் இருந்த வெண்படலம் மட்டும் உரிந்து வந்தது, அடியில் செக்கச்செவேல் என்று இருந்தது. உரிந்தது பூஞ்சைத் தொற்று, உரியாதது எப்ஸ்டீன்-பார் வைரஸின் வேலை, எதிர்ப்பு சக்தி குறைந்தால் இரண்டும் தலைதூக்கும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். "ரத்தப் பரிசோதனை செய்துடலாம், பயப்படாதீங்க" என்றீர்கள். முகத்தில் துளி அருவருப்பு இல்லை. எய்ட்ஸ் பற்றி 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளியான முதல் அறிக்கையில் இடம்பெற்ற 5 பேருக்குமே இந்தப் பூஞ்சைத் தொற்று இருந்ததாம்; பிற்பாடுதான் படித்தேன்.

பரிசோதனையில், எதிர்ப்பு சக்தி தரும் வெள்ளணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 200-க்கும் கீழே இருந்தது. 500-க்கு மேல் இருக்க வேண்டியது. எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையோடு, நிமோனியா வராமல் தடுக்க கோட்ரைமாக்சசோலும் உடனே கிடைக்கச் செய்த மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் நன்றி.

செவிலியர் அக்கா, ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்துப் பழைய எடையோடு ஒப்பிடுவீர்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, ராத்திரி வியர்க்கிறதா என்று விடாமல் கேட்பீர்கள். சிடி4 நன்றாக இருப்பவருக்கும் காசநோய் வரலாம் என்பதால் யாரையும் கேட்காமல் அனுப்பியதில்லை. கூட்டம் நெரியும் நாளிலும் அதே நிதானம்!

அப்புறம், எங்கள் ஆதரவுக் குழு அண்ணா. பல் டாக்டரிடம் போனதற்கு முந்தைய வருடம் எனக்கு விலாவில் பட்டையாக அக்கி வந்தது, வாயோரம் வெடித்தது, மூக்கோரம் செதில் உதிர்ந்தது, கைகால்களில் அரிப்புக் கொப்புளம் ஆறாமல் கிடந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான். தனித்தனியாக இவை யாருக்கும் வரக்கூடியவை. அதற்காக நடுங்க வேண்டியதில்லை. ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தால் பரிசோதித்துவிடுவது நல்லது. புதிதாக வருகிறவர்களுக்கு இதை இப்போது நானும் சொல்கிறேன்.

கடைசியாகப் பார்த்தபோது வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. நாக்கும் சுத்தமாகிவிட்டது, டாக்டர் அம்மா.

நன்றியுடன்,
உங்களிடம் வந்த நோயாளிகளில் ஒருவன்