அம்மாவை ஊதச் சொன்னவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். போபாலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு ரயில்வே வேலை, அதனால் 1984 டிசம்பர் 2 இரவு ஸ்டேஷன் பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் தூங்கிக்கொண்டிருந்தோம். யூனியன் கார்பைடு ஆலையில் இருந்து விஷவாயு கசிந்த அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லவில்லை. இது அதற்குப் பிறகு வந்த நாற்பது வருஷத்துக்கான நன்றி.

அம்மா ஊரில் இருந்தவரை ஈர விறகைக்கூட ஊதாங்குழலால் நாலு ஊது ஊதிப் பற்றவைத்துவிடுவாள். மறு வருஷம் ஒரு முகாமில் நுரையீரலைச் சோதிக்கிற குழாயைக் கையில் கொடுத்து "பூங்கோ அம்மாஜி, பூங்கோ" என்றார்கள். ஊதினாள், கோடு கொஞ்சம் ஏறியது, நின்றுவிட்டது. இருமி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "குழாய்ல ஓட்டை இருக்கு போலடா" என்றாள்.

முதல் நன்றி அன்றைக்கு அந்தக் கோட்டைக் குறித்துக்கொண்டவர்களுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வாயு பட்டவர்களில் 80,000 பேருக்கு மேல் கணக்கெடுத்துத் தொடர்ந்து பார்த்தது. அவர்களோடு ஒப்பிட, வாயு படாத பேட்டைகளில் இருந்து 15,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஒரு நோயும் இல்லாமல், நஷ்ட ஈடும் இல்லாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன அவர்களுக்கு இதுவரை யாராவது நன்றி சொல்லியிருப்பார்களா, தெரியாது. நான் சொல்லிவிடுகிறேன்.

1994இல் அந்த ஆய்வு நின்றுபோனது. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அன்றைக்குக் கசிந்த மீதைல் ஐசோசயனேட் வாயுவைச் சுவாசித்த உடம்பு இருபது, முப்பது வருஷம் கழித்து என்ன ஆகும் என்பது அதற்கு முன் எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது, எங்களைப் பார்த்துத்தான் எழுதியாக வேண்டும், பாதியில் எழுந்து போனால் டாக்டர்தான் என்ன செய்வார், அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், மறுபடி ஸ்டீராய்டு என்றே ஓடியது. (ஆய்வைத் தொடர, சுற்றுச்சூழல் நலத்துக்கென்று ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்தது 2010இல்.)

இடையில் எங்களைத் தாங்கியது முன்பின் தெரியாதவர்களின் பணம். 1994 கடைசியில் பிரிட்டனில் கார்டியன் பத்திரிகையில் போபாலுக்காக ஒரு விளம்பரம் வந்தது. காலையில் டீயோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்த யார் யாரோ பணம் அனுப்பினார்கள். அதில் எழும்பியதுதான் 1996இல் திறந்த சம்பாவ்னா மருத்துவமனை. அலோபதி, ஆயுர்வேதம், யோகா மூன்றும் ஒரே கூரைக்குள், எல்லாம் இலவசம். அம்மா முதலில் யோகாவுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள், நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார வெட்கமாம். அப்புறம் ஒருநாள்கூட விட்டதில்லை. ஸ்டீராய்டை டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். குறைத்ததையும் எழுதி வைத்தார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவருக்கும் தனியாக ஒரு கும்பிடு. இருவருமே வாயுவில் வீட்டு மனிதர்களை இழந்தவர்கள். 2004இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருதாகக் கிடைத்த பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் சிங்காரி அறக்கட்டளையில் போட்டார்கள். அடுத்த தலைமுறையில் ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே நடக்கவும் பேசவும் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே போய்த்தான் "அம்மி" என்று முதல்முறை கூப்பிட்டான், அவனுக்கு அப்போது ஏழு வயசு.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. சோதனைச் சீட்டுகளை எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் போட்டு சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். இந்த மடலைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, பேப்பர் பார்த்துப் பணம் அனுப்பினவங்களுக்குத் தமிழ் தெரியாதே, எப்படிடா போய்ச் சேரும்?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.