'ஊழ்' வகுப்புக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஞாயிறு பின்னேரம் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மடத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்காக நடந்த சொற்பொருள் வகுப்புக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். கொட்டும் மழையில் மடத்தைத் திறந்து, பாய் விரித்து, பிளேன்டீ ஊற்றித் தந்த கோயில் கமிட்டியினருக்கு முதல் நன்றி.

'விசிஸிட்யூட்' என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டதுதான் இதற்கெல்லாம் தொடக்கம். வாழ்க்கையில் எதிர்பாராமல் வரும் ஏற்ற இறக்கங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. அதன் வேரைப் பாதர் விளக்கினார். இலத்தீனில் 'விகிஸ்' என்றால் மாறி மாறி வரும் முறை. வைஸ் பிரின்சிபலில் இருக்கும் 'வைஸ்' கூட அதே வேர்தான், ஒருவருடைய இடத்தில் நிற்பவர் என்ற பொருளில். இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மலர்ந்ததே, அதற்காகவே பாதருக்கு இன்னொரு தடவை நன்றி.

அப்புறம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகனின் ஒரு தொகுதியைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி கொண்டு வந்தார். நம்முடைய 'ஊழ்' என்ற சொல்லுக்கும் முறை என்ற பொருள் உண்டு என்று காட்டினார். ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி எல்லாமே ஒரு பொருள் தரும் சொற்கள் என்பது பரிமேலழகர் உரை. 'ஊழ்த்தல்' என்றால் மலர்தலும்தான். 650ஆம் குறளில் 'இணர்ஊழ்த்தும் நாறா மலர்', அதாவது கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ என்று வருகிறது. 371ஆம் குறளோ ஆகூழ், போகூழ் என்று ஆவதற்கும் போவதற்கும் அந்த ஒரே சொல்லை வைக்கிறது. விதி என்றதும் நமக்குக் கெட்டது மட்டுமே நினைவுக்கு வருவது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

கொழுந்து நிறுத்த கையோடு வந்திருந்த அக்கா ஒருவர் இந்த இடத்தில் கேட்டார்: "தண்ணிப் பீலியில குடத்த வச்சிட்டு நம்ம முறை வரட்டும்னு நிக்கிறோமே, அதுவா டீச்சர்?" அதேதான் அக்கா. இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

பழைய தொழிற்சங்கத் தலைவர் ஐயா பேசியதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது. 1869இல் கோப்பிச் செடியில் நோய் கண்டது ஊழாக இருக்கலாம் என்றார். ஆனால் நம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தை எழுதியது மனிதர்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, நம்மவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று பிரித்ததும் மனிதர்கள். அதைத் தலையெழுத்து என்று சொல்லாதீர்கள் என்றபோது அவர் குரல் உடைந்தது. உடனே தமிழாசிரியர் ஐயா 620ஆம் குறளை எடுத்தார்: 'ஊழையும் உப்பக்கம் காண்பர்', அதாவது சோராமல் முயல்கிறவர்கள் ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார்கள். ஊழைவிட வலியது எது என்று 380இல் கேட்டவரும் அதே வள்ளுவர்தான். இரண்டையும் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.

பிரதி எடுத்துக் கொடுத்த கடைத் தம்பிக்கும், இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை அவர்கள் குடியிருக்கும் லயம் வரை கொண்டுபோய் விட்ட வேன்கார அண்ணனுக்கும் என் மனம் நிறைந்த நன்றி. அடுத்த வகுப்புக்கான சொல்லைப் பிள்ளைகளே தெரிவு செய்கிறார்கள். ஐயா, லெக்சிகனை அதுவரை நான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வகுப்பு டீச்சர்