பினாங்குக் கப்பலுக்கு நாகையில் ஓர் அடையாளம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தைச் சேர்ந்த நான், டெல்லியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்கு வந்த கையோடு, திருச்சியில் விமானம் ஏறி, அத்தை மகளுடன் மலேசியா போய்வந்தேன். இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம் என்று 2023 டிசம்பர் முதல் அந்த நாடு சலுகை தந்திருப்பது எங்களைப் போன்ற மாணவர்களுக்குப் பெரிய உதவி.

கோலாலம்பூரில் எல்லோரும் பார்ப்பதைத்தான் நாங்களும் பார்த்தோம். இரட்டைக் கோபுரம், பத்துமலையின் 272 படிகள், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. பிறகு சென்ட்ரல் நிலையத்தில் மின்சார ரயில் ஏறி, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த்தில் இறங்கினோம். அங்கிருந்து பினாங்குத் தீவுக்கு 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் படகில்தான் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். என் தாத்தாவின் அண்ணன் அந்தத் தீவில் கடல் வழியாகத்தான் போய் இறங்கினார். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் போனவர் அவர்.

இன்றைய இளைஞர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிளாங், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடிய கப்பல். அதே தடத்தில் ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ ஓடியது, கடைசியாக ‘சிதம்பரம்’ ஓடியது. நம் கரையில் ஆழம் போதாது என்பதால் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஜனங்கள் டிரங்குப் பெட்டியும் பாயுமாகப் படகில் போய், அலையில் ஆடிக்கொண்டே ஏணியைப் பிடித்து ஏற வேண்டும் என்று தாத்தா சொல்வார். வழியனுப்பப் போன சிறுவயதில் அவரே கண்ணால் கண்டது அது. கையில் காசு குறைந்தவர்கள் திறந்த தளத்தில் பாயை விரித்துக்கொண்டு போனார்கள். அக்கரையிலும் நேரே ஊருக்குள் விட்டுவிடவில்லை; கூலிகளாகப் போனவர்களில் எத்தனையோ பேர் ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள். பாலத்தில் போகிறவர்கள் அந்தத் தீவை இன்றும் பார்க்கலாம். 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்கள் பலியாயின. அத்தோடு இந்தக் கப்பல் போக்குவரத்தே முடிந்துவிட்டது.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் நான் கண்டது என்னை உலுக்கிவிட்டது. அந்த நகரத்தை 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக ஏற்றது. சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சற்றுத் தள்ளி, 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதைக் கட்டுவித்தவர் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன். குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில். இவையெல்லாம் இன்றும் தொழுகையும் பூசையும் நடக்கும் இடங்கள்.

அங்கே ஒரு தேநீர்க்கடைப் பெரியவர், “எந்த ஊர் அம்மா?” என்று கேட்டார். சொன்னேன். “எங்கள் அத்தாவும் அங்கேதான் கப்பல் ஏறினார். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?” என்றார். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

இதை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். நான் பார்த்தவரை, நம் துறைமுகப் பகுதியில் பினாங்குக் கப்பலைப் பற்றி ஒரு பலகைகூடக் கிடையாது. ராஜேந்திர சோழன் கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வென்றதைப் பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தோம். நாகையில் இருந்த சூடாமணி பௌத்த விகாரத்தையும், அதற்கு ஊர் கொடுத்ததைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேட்டையும் படித்தோம், படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே கடலில், நம் வீட்டுத் தாத்தாக்கள் காலத்தில், கடைச் சிப்பந்திகளாகவும் தோட்டக் கூலிகளாகவும் போன ஆயிரக்கணக்கானோரைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படித்ததாக எனக்கு நினைவில்லை. மன்னன் போனால்தான் வரலாறா என்று கோபமாகவே கேட்கிறேன்.

பணம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜார்ஜ் டவுனின் தெருச் சுவர்களில், இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த 52 சித்திரங்களை மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் யார் வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்பதை ஒவ்வொன்றும் சில வரிகளில் சொல்கிறது. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்துக்குக்கூட ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் தேடித் தேடி நின்று வாசிக்கிறார்கள். பெரிய மாளிகை எதையும் எழுப்பாமலே ஒரு தெருவைப் பேச வைத்திருக்கிறார்கள்.

நாகையிலும் இதற்கு இடம் தயாராக இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய, இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலுக்காகப் பயணிகள் முனையம் அமைந்திருக்கிறது. அதன் காத்திருப்புக் கூடத்தில் ஒரு சுவரைப் பினாங்குக் கப்பல்களுக்கு ஒதுக்கலாம். ரஜூலாவின் படம், கப்பல் சென்ற வழியின் வரைபடம், பழைய டிக்கெட், அம்மைத் தடுப்பூசிச் சான்று, அக்கரையிலிருந்து வந்த கடிதங்கள், இவ்வளவு போதும். நாகூர், திட்டச்சேரி, காரைக்கால் பக்கம், கடல் கடந்து பிழைக்கப் போன சபராளிகளின் வீட்டுப் பரண்களில் இன்னும் எவ்வளவோ கிடக்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது அவை குப்பைக்குத்தான் போகும்.

அதைவிட அவசரமானது ஒன்று. அந்தக் கப்பல்களில் போனவர்களிலும் வழியனுப்பியவர்களிலும் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டு அவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கைப்பேசி ஒன்றே போதும். என் தாத்தாவின் பேச்சை நான் ஏற்கெனவே பதிவு செய்யத் தொடங்கிவிட்டேன். மாவட்ட நிர்வாகமோ கல்லூரிகளோ கேட்டால், அதையும் எங்கள் வீட்டில் உள்ள இரண்டு பழைய கடிதங்களின் நகலையும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முதுகலை வரலாற்று மாணவி,
வெளிப்பாளையம், நாகப்பட்டினம்.