வெற்றுப் பலகையில் ஒரு முற்றுகை

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். பொடி எழுத்து விதிப்புத்தகங்கள் பக்கம் கொஞ்ச காலம் போகாதே.

பலகையில் காய் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளில் பாலைவன ஆட்டங்கள் சலிப்பூட்டுகின்றன என்று எழுதியிருந்தாய். காடு கிடையாது, ஊர் கிடையாது, ஒளிய ஒரு மண்சுவர்கூடக் கிடையாது. பகடை யார் பக்கம் விழுகிறதோ அவர் வெல்கிறார் என்பது உன் கட்சி. போன ஞாயிற்றுக்கிழமை என் மகளோடு, இரண்டாம் உலகப் போரில் லிபியாவின் துறைமுக ஊரான டோப்ருக்கில் நடந்த முற்றுகையை ஆடிய பிறகு, அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

நாங்கள் எடுத்தது 1941 ஏப்ரல் 13, 14: ஈஸ்டர் இரவும் மறுநாள் விடியலும். அவள் ஜெர்மன், நான் ஆஸ்திரேலியன். பலகையில் எல் அடெம் சாலையை ஒட்டிய சிறு பகுதி மட்டும். டாங்கி எதிர்ப்புப் பள்ளம், முள்கம்பி, அதற்குப் பின்னால் தரைமட்டத்துக்கு மேல் தலைகாட்டாத கான்கிரீட் காவல் குழிகள். மற்றதெல்லாம் மணல் நிற அறுகோணக் கட்டங்கள். அந்தக் குழிகளைக் கட்டியவர்கள் இத்தாலியர்கள். ஜனவரியில் அவர்களிடமிருந்து ஆஸ்திரேலியர்கள் ஊரைப் பிடித்தார்கள். ஏப்ரலில் வேறு ஆஸ்திரேலியப் படைகள் அதே குழிகளில் இறங்கி ஜெர்மன் தளபதி ரோம்மலை எதிர்கொண்டன. இப்படியொரு வேடிக்கையை யாராவது கற்பனையாக எழுதினால் நீயே நம்பமாட்டாய்.

என் பீரங்கிகள் நிற்கும் கட்டங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, பகடைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். சுட்டால்தான் காயைப் பலகையில் வைக்க வேண்டும். குழிகளின் மேல், அடியில் என்ன இருக்கிறது என்பதை மறைக்கும் கேள்விக்குறிக் காய்கள். சிலவற்றின் அடியில் ஆளே இல்லை. விடியல் சுற்றில் அவளுடைய டாங்கிகள் பள்ளத்தைக் கடந்து வரிசையாக வடக்கே வந்தன. இரண்டு குழிகளுக்கு நடுவே, மிக அருகில், பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு டாங்கியையும் நகர்த்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சுடவில்லை. சுட்டிருந்தால் ஒரு டாங்கிக்குச் சேதம் வந்திருக்கலாம். அதோடு குழிகளின் இரகசியம் போயிருக்கும், மீதி டாங்கிகள் திரும்பி அவற்றை நசுக்கியிருக்கும்.

டாங்கிகளின் தூசியை மறைப்பாக வைத்துக்கொண்டு அவளுடைய காலாட்படை பின்னால் வந்தது. அப்போதுதான் இரு பக்கத்து இயந்திரத் துப்பாக்கிகளும் வாய் திறந்தன. அவளுடைய காலாட்படைக் காய்கள் ஒவ்வொன்றாகப் புரண்டு, படை நிலைகுலைந்ததைக் குறிக்கும் மறுபக்கத்தைக் காட்டின. அதற்குள் டாங்கிகள் துணையில்லாமல் வெகுதூரம் உள்ளே போயிருந்தன. சீட்டைப் பிரித்தேன். என் 25 பவுண்டர் பீரங்கிகள் நேருக்கு நேராகச் சுட்டன.

எனக்கு இது சொந்த யோசனை என்று நினைத்துவிடாதே. ஆஸ்திரேலிய 9ஆவது டிவிஷனின் தளபதி லெஸ்லி மோர்ஸ்ஹெட்டின் ஆட்கள் செய்தது இதையேதான். டாங்கிகள் தலைக்கு மேலே போகட்டும், பின்னால் வரும் ஆட்களைத் தடுங்கள் என்பது திட்டம். உள்ளே வந்த 38 டாங்கிகளில் 17 அந்தக் காலையில் அழிந்தன. முந்தைய இரவே கம்பி வேலியைத் தாண்டி ஊடுருவியவர்களைத் துப்பாக்கிக் கத்தியோடு எதிர்த்த கார்ப்பரல் ஜான் எட்மண்ட்சன் காயத்தால் இறந்தார்; பிறகு அவருக்கு விக்டோரியா கிராஸ் என்ற மிக உயர்ந்த வீரப் பதக்கத்தைக் கொடுத்தார்கள்.

மகளுக்குக் கோபம். "இவ்வளவு தெரிந்தும் ரோம்மல் ஏன் அவசரப்பட்டார்?" என்று கேட்டாள். அவருக்கு அவ்வளவு தெரியாது என்பதுதான் விஷயம். எதிரி ஊரைக் காலி செய்து கடல் வழியாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறான் என்று நம்பினார். காவல் குழிகளைச் சரியாக வேவு பார்க்காமலே படையை அனுப்பினார். அவளுக்கோ முழு வரைபடமும் கண்ணெதிரே இருந்தது. அந்த வகையில் அவள் தோற்றதற்கு ரோம்மலைவிடக் குறைவான சாக்குதான் உண்டு. இதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

ஒரு குறையை மட்டும் உனக்கு விட்டுக்கொடுக்கிறேன். இந்த அளவிலான ஆட்டத்தில் முற்றுகை என்பது ஒரே ஒரு காலைப் பொழுதாகச் சுருங்கிவிடுகிறது. உப்புக் கரிக்கும் தண்ணீர், புழுதிப் புயல், நிலவில்லாத இரவுகளில் உணவும் ஆளும் கொண்டுவந்த நாசகாரிக் கப்பல்கள், இவற்றுக்கெல்லாம் காய் இல்லை. மாதக்கணக்கில் குழியில் கிடந்தவனின் அலுப்புக்கு எந்தப் பகடையை உருட்டுவது?

உன் கண் தேறியதும் 1942 ஜூன் 20ஐ ஆடுவோம். அதே டோப்ருக், அதே ரோம்மல். பள்ளத்தில் பல இடங்களில் மணல் மூடிவிட்டது. கண்ணிவெடிகளில் நிறையத் தோண்டியெடுத்து வேறு இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தென்கிழக்கில் 11ஆவது இந்தியப் பிரிகேட் நின்ற பகுதியில், விமானக் குண்டுவீச்சுக்குப் பின்னாலேயே டாங்கிகள் நுழைந்தன. மறுநாள் ஊர் சரணடைந்தது. 30,000க்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். எல்லாம் பகடைதான் என்கிறவன் நீ, ஆகவே காக்கும் பக்கம் உனக்கு. அந்த வெடிகள் இல்லாத பள்ளத்துக்குப் பின்னால் காய்களை எங்கே வைப்பாய் என்று இப்போதே யோசித்து வை. விதிகளை மகள் வாசித்துச் சொல்வாள். இந்த முறை ரோம்மலாக ஆட அவளே பெயர் கொடுத்துவிட்டாள்.

அன்புடன்,
மூர்த்தி