கறுப்புப் பட்டியும் கவ்வாத்தும்

டிக்கோயா,
ஞாயிறு, இரவு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு மழையைத்தான் சாட்ட வேண்டும். ஜூன் பிறந்ததிலிருந்து விட்டபாடில்லை. தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகி, உனக்கு எழுத வைத்திருந்த தாளெல்லாம் நனைந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. கொழும்புச் சூட்டில் நீ எப்படி?

ஒரு செய்தி. மகள் டைக்வாண்டோ என்ற கொரியச் சண்டைக் கலை பழகுகிறாள், போன மாதம் இடுப்பில் கட்டும் மஞ்சள் பட்டி வாங்கினாள். அடுத்தது பச்சை என்று பார்த்தால், நடுவில் நுனியில் மட்டும் பச்சைக் கோடு போட்ட மஞ்சள் ஒன்று இருக்கிறதாம். அதற்குத் தனிப் பரீட்சை, தனிக் கட்டணம். எந்த வகுப்பு என்று கேட்காதே, கோடு போடுவதில் கெட்டிக்காரர்கள்.

அந்த நிறங்களுக்கு அவள் சொன்ன விளக்கம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வெள்ளை, ஒன்றும் அறியாத நிலை. மஞ்சள், செடி முளைத்து வேர் பிடிக்கும் மண். பச்சை, செடியின் வளர்ச்சி. நீலம், அது மரமாகி எட்டப் பார்க்கும் வானம். சிவப்பு, ஆபத்து: அடக்கம் வேண்டும் என்று தனக்கும், கிட்ட வராதே என்று எதிரிக்கும். கறுப்பு, வெள்ளைக்கு நேர் எதிர். அவள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போக, அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "எல்லாம் சரி, கவ்வாத்து எப்ப?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார். தேயிலையைச் சும்மா விட்டால் அதுவும் மரமாகத்தான் போகும். சில வருடத்துக்கொரு தடவை கவ்வாத்து என்று கிளைகளை வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்துவதால்தான் கொழுந்து கைக்கு எட்டுகிறது. கொரியாக்காரர் சொன்ன செடி எந்தச் செடியோ, நம் மலைச் செடியில்லை.

நம் காலத்துக் கராத்தே வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறதா? பட்டியைத் துவைக்கக் கூடாது, வியர்வையும் மண்ணும் ஏறி வெள்ளைதான் கறுப்பாகும் என்றார். நீ பொறுமையில்லாமல் ஒரு வாளி தேயிலைச் சாயத்தண்ணியில் ஊறப்போட்டு, ஒரே ராத்திரியில் மண்ணிறப் பட்டிக்காரன் ஆனாய். அன்று நீ போட்ட தண்டால்களை எண்ணியவன் நான்தான்.

வாத்தியார் சொன்னது வெறும் கதை, சிவா. 1882ல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோதான் தேறியவர்களுக்குக் கறுப்பைக் கொடுத்தார். அவரைப் பார்த்து கராத்தே ஆசான் ஃபுனகோஷி 1924ல் கராத்தேயிலும் முதல் 'டான்' பட்டங்களை, அதாவது கறுப்புப் பட்டிப் படிகளை, வழங்கினார். நடுவில் உள்ள வண்ணங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் பரவியவை. 1930களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி படிக்கு ஒரு நிறம் வைத்தார். வருடக்கணக்கில் ஒரே வெள்ளையைக் கட்டிக்கொண்டு அங்குள்ளவர்கள் காத்திருப்பார்களா? ஆக நிறம் முதலில் வந்தது, மண், வானம் என்ற பொருளெல்லாம் பிறகு ஏறியது என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால்தான் பள்ளிக்குப் பள்ளி வரிசையும் மாறுகிறது.

முதல் கறுப்புப் பட்டிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'ஷோடான்', அதாவது தொடக்கப் படி. நாம் அதை முடிவென்று நினைத்து ஏங்கினோம். ஜூடோவில் அதற்கும் மேலே போனால் ஆறாம் டானில் சிவப்பும் வெள்ளையும் கலந்த பட்டி, ஒன்பதில் முழுச் சிவப்பு.

மகளுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவளுடைய சண்டை வேறு. வகுப்புக்குக் கிளம்பும்போது பட்டியை அம்மாதான் கட்டிவிடுகிறாள், முப்பது வருடம் கொழுந்து மலைக்குப் போக இடுப்பில் படங்கு கட்டிய கை. முடிச்சைப் பக்கத்தில் இறுக்கிப் போடுகிறாள். "முன்னாலதான் போடணும் அப்பாயி" என்று இவள் கத்துகிறாள். "அவுந்துச்சா இல்லையா, அதச் சொல்லு" என்கிறாள் அம்மா. இதுவரை அவிழவில்லை.

தீபாவளிக்கு வருவாய்தானே? அந்தச் சாயப் பட்டி இன்னும் இருந்தால் கொண்டுவா. நான் சொன்னதை மகள் நம்பமாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
ராஜு